ஹீரோபிரைன் இருந்தானா, இல்லையா? பழைய மைன்கிராஃப்ட் பேய்க்கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் அக்கா வீட்டில், பள்ளி விடுமுறை வந்தால் நாலைந்து பிள்ளைகள் ஒரே மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நான் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்: "மாமா, நீங்க ஆல்ஃபா காலத்துலேயே விளையாடினீங்களாமே, அவனைப் பார்த்தீங்களா?" அவன் என்றால், மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டுக்குள் உலவுவதாகச் சொல்லப்படும் பேய், வெள்ளைக் கண்ணன் ஹீரோபிரைன். மைன்கிராஃப்டின் முதல் இரண்டு வருடங்களைப் பற்றி உலவும் கதைகள் கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் பிள்ளைகள் கேட்டது, அவர்களுடைய அம்மாமார் கேட்டது, மாமாக் சாப்பாட்டுக் கடையில் என் வயதுக்காரர்கள் கேட்டது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

ஆல்ஃபா, பீட்டா என்கிறீர்களே, அது எந்தக் காலம்?

ஸ்வீடன்காரர் மார்க்கஸ் பெர்சன், எல்லோரும் நாட்ச் என்று அழைக்கும் ஆள், 2009 மே 17 அன்று விளையாட்டை முதன்முதலாக வெளியே விட்டார். முழுமையாகும் வரை ஒவ்வொரு சோதனைக் கட்டத்துக்கும் ஒரு பெயர்: முதலில் கிளாசிக், அப்புறம் இன்டெவ், இன்ஃப்டெவ். 2010 ஜூன் 30 முதல் ஆல்ஃபா, அதே வருடம் டிசம்பர் 20 முதல் பீட்டா. முழு விளையாட்டாக 2011 நவம்பர் 18 அன்று வெளிவந்தது. ஆல்ஃபாவின் விலை 9.95 யூரோ. அன்றைக்கு ஏறக்குறைய 40 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். எங்களில் யாரிடமும் கிரெடிட் கார்டு கிடையாது. ஆகவே நாங்கள் விளையாடியது யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த பிரதிதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் இது முக்கியமாகும்.

ஹீரோபிரைன் கதை எங்கே தொடங்கியது?

2010 ஆகஸ்டில் ஃபோர்சான் (4chan) என்ற இணையத் தளத்தில் பெயரில்லாத ஒருவர் ஒரு படத்தையும் ஒரு சின்னக் கதையையும் போட்டார். படத்தில் பனிமூட்டம், மரம், தூரத்தில் ஓர் ஆள். கதை இப்படிப் போகும்: நான் தனியாக விளையாடிக்கொண்டிருந்தேன். பனிக்குள் ஏதோ அசைந்தது. மாடு என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். மனிதன், எல்லோருக்கும் இருக்கும் அதே முகம், கண் மட்டும் வெறுமை. ஓடி மறைந்துவிட்டான். அதற்குப் பிறகு என் உலகத்தில் நான் கட்டாத பிரமிடுகள் கடலில் நின்றன, இரண்டுக்கு இரண்டு அளவில் சுரங்கங்கள் போயின, மரங்களில் இலை இல்லை. இதைப் பற்றி எழுதினால் அழித்துவிடுகிறார்கள். ஹீரோபிரைன் என்ற பெயரில் ஒருவன் "நிறுத்து" என்று மட்டும் எழுதி அனுப்பினான்.

நல்ல கதைதான், குறை சொல்ல முடியாது. அளவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இதைப் பரப்பியது கதை மட்டுமில்லை. அதே மாதம் பிராக்ராஃப்ட் என்ற நேரலைச் சானலில், விளையாடிக்கொண்டிருந்தவர் ஓர் அறைக்குள் நுழைகிறார், அங்கே வெள்ளைக் கண்ணன் நிற்கிறான், அவர் அலறிக்கொண்டு ஓடுகிறார். படக்கோப்பு ஒன்றை மாற்றி வைத்துச் செய்த வேலை அது. பிற்பாடு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதைக் கேட்க யாரும் காத்திருக்கவில்லை.

அவன் நாட்சின் இறந்துபோன தம்பி என்கிறார்களே?

அதுவும் அந்த முதல் கதையிலேயே இருக்கிறது. நாட்சிடம் "உங்களுக்குத் தம்பி உண்டா" என்று கேட்டார்களாம், "இருந்தான், இப்போது எங்களோடு இல்லை" என்று பதில் வந்ததாம். இரண்டுமே கதை எழுதியவரின் கைவேலை. அப்படி இறந்த உடன்பிறப்பு யாரும் தனக்கு இல்லை என்று நாட்சே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

பிரமிடு, மொட்டை மரம், சுரங்கம் இதெல்லாம் முழுக்கக் கற்பனையா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் முழுக்கக் கற்பனை இல்லை.

2010 பிப்ரவரிக் கடைசியில் வந்த ஓர் இன்ஃப்டெவ் பதிப்பில் செங்கல் பிரமிடுகள் தாமாகவே முளைத்தன. யாரும் கட்ட வேண்டியதில்லை. உலகத்தை உருவாக்கும் நிரலே பெரிய பெரிய பிரமிடாக அங்கங்கே நட்டுவிட்டுப் போகும். அதே காலத்தில், உலகத்தின் நடுக்கோடுகள் நெடுகக் அப்சிடியன் என்ற கறுப்புக் கல்லால் சுவர் ஓடியது. நாட்ச் சோதனைக்காகப் போட்டவை, பிறகு எடுத்துவிட்டார். ஆகஸ்டில் கதை வந்தபோது, "முன்னாடி நான் ஒரு பிரமிடு பார்த்தேனே" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடியவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

மொட்டை மரத்துக்கு எரிமலைக் குழம்பு போதும். பக்கத்தில் குழம்பு இருந்தால் தீப்பிடிக்கும், அன்றைய தீ லேசில் அணையாது, இலைகளைத் தின்றுவிட்டு அடிமரத்தை விட்டுவிடும். நீங்கள் அந்தப் பக்கம் வரும்போது தீ அடங்கியிருந்தால் குச்சி குச்சியாக மரங்கள் மட்டும்தான் மிச்சம்.

என் பாட்டியிடம் ஒருநாள் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் கோலா சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். "இலை இல்லாத மரத்துக்கா பயப்படுறீங்க? வருசா வருசம் மாசி பங்குனியில தோட்டமே மொட்டையா நிக்கும்டா" என்றார். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் பருவம் அது. காய்ந்த இலை மேல் காலடிச் சத்தம் கேட்பதும் அப்போதுதான், முனி நடமாடுகிறது என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பேச்சு வருவதும் அப்போதுதானாம். "நீங்க பார்த்தீங்களா பாட்டி?" என்றதற்கு, "நான் எங்க பார்த்தேன், கங்காணி வீட்டு மருமக பார்த்தா" என்று பதில் வந்தது.

சரி, நீங்கள் பார்த்தீர்களா இல்லையா?

பார்க்கவில்லை. ஆனால் ஒருவனுக்குக் காட்டினேன்.

2011-இன் தொடக்கம், நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று. செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் சைபர் கஃபே. மணிக்கு 2 வெள்ளி, செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், உள்ளே ஏர்கோன் குளிரில் பல் அடித்துக்கொள்ளும். எங்களோடு சுற்றும் அண்ணன் ஒருவருக்குக் கணினி நன்றாக வரும். விளையாட்டின் ஜார் கோப்பை ஜிப் கோப்பு மாதிரியே பிரித்து, உள்ளேயிருந்து ஆளின் தோற்றத்தைத் தரும் தோல் படத்தை வெளியே எடுத்தார். அந்தப் படத்தில் முகம் என்பது எட்டுக்கு எட்டு, 64 புள்ளிகள். ஒவ்வொரு கண்ணும் இரண்டே புள்ளி: ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். நீலப் புள்ளிகள் இரண்டையும் வெள்ளையாக்கினார். அவ்வளவுதான். உலகத்தையே மிரட்டிய பேய்க்கும், ஆட்டக்காரனின் வழக்கமான உருவமான ஸ்டீவுக்கும் இருக்கும் வித்தியாசம் இரண்டே புள்ளி. அரை நிமிட வேலை.

அதை ஏழாம் நம்பர் கணினியில் போட்டுவைத்தார். எங்களைவிட ஒரு வயது சின்னவன் ஒருவன் அங்கேதான் உட்காருவான். பலர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆட கஃபேக்குள்ளேயே ஒரு சர்வர் ஓட்டி, "நீயும் நானும் மட்டும்தான் விளையாடுறோம்" என்று அவனிடம் சொன்னேன். அவன் கணினியில் எல்லோருக்குமே வெள்ளைக் கண் தெரியும், எனக்கும்கூட. ஆகவே நான் கண்ணில் படக் கூடாது. நிலத்துக்கடியில் நிலக்கரி தோண்டுகிறேன் என்று போய்விட்டேன். அண்ணன் ஹீரோபிரைன் என்று பெயர் கொடுத்து உள்ளே வந்து, ஒரு குன்றின் மேல் பனிமூட்டம் தொடங்கும் இடமாகப் பார்த்து நின்றார். நகரவே இல்லை. நின்றார், அவ்வளவுதான்.

பையன் சத்தம் போடவில்லை. ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசை மேல் வைத்தான். எழுந்தான். படியில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. செருப்பு வாசலிலேயே கிடந்தது. மறுநாள் அவன் அம்மா வந்து எடுத்துப் போனார்.

இதில் இன்னொரு கூத்து. அந்தக் கடைக் கணினிகள் ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் பழைய நிலைக்கே திரும்பிவிடும், யாரும் எதையும் கெடுத்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருந்தார்கள். அவன் இரண்டு நாள் கழித்துத் துணைக்கு ஆள் கூட்டிவந்து பார்த்தபோது வெள்ளைக் கண்ணும் இல்லை, அந்த உலகமும் இல்லை. "பார்த்தியா, தடயத்தை அழிச்சிட்டான்" என்றார்கள். ஒரே வாரத்தில் எங்கள் பள்ளியில் இன்னும் மூன்று பேர் அவனைத் தங்கள் வீட்டிலும் பார்த்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் வீட்டில் கணினியே கிடையாது. பெட்டியில் வைத்த வைரம் குறைந்தால், அது அவனுடைய வேலை என்று ஆனது. காசு திருடும் குட்டிப் பேய் தொயோலை மலாய் நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம் அல்லவா, வெள்ளைக் கண்ணன் செந்தூலுக்கு வந்ததும் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

நாங்கள் உண்மையைச் சொல்ல ஒரு வருடம் ஆயிற்று. சொன்ன பிறகும் அந்தப் பையன் நம்பவில்லை. "நீங்க செஞ்சது வேற, நான் பார்த்தது வேற" என்கிறான், இன்றைக்கும்.

தனியாக விளையாடும்போது வேறொருவர் உள்ளே வர வழி இருந்ததா?

ஆல்ஃபா, பீட்டா காலத்தில் இல்லை. அன்றைக்குத் தனி விளையாட்டு முழுக்க உங்கள் கணினிக்குள்ளேயே ஓடியது, இடையில் சர்வர் என்று எதுவும் கிடையாது. 2012-இல் வந்த 1.3 பதிப்பில்தான் தனி விளையாட்டுக்கும் உள்ளுக்குள் ஒரு சர்வர் வைத்தார்கள். அத்தோடு, விளையாட்டு ஜாவாவில் எழுதப்பட்டது. விளையாட்டை மாற்றியமைக்கும் 'மோட்' செய்கிறவர்கள் நிரலைப் பிரித்து வரி வரியாகப் பார்த்துவிட்டார்கள். வெள்ளைக் கண் படமும் இல்லை, அவனை வரவழைக்கும் வரியும் இல்லை.

ஆனால் மேலே சொன்னேனே, எங்கிருந்தோ வந்த பிரதி என்று? அதற்குள் யார் எந்த மோடைத் திணித்து வைத்திருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும். "என் கணினியில் நிஜமாகவே வந்தான்" என்று சத்தியம் செய்கிறவர்களில் சிலரை நான் நம்புகிறேன். அவர்கள் விளையாடிய பிரதியைத்தான் நம்பவில்லை.

"ஹீரோபிரைன் நீக்கப்பட்டான்" என்று நிறுவனமே எழுதியிருக்கிறதே?

எழுதியிருக்கிறது. 2011-இல் பீட்டா 1.6.6-இன் மாற்றப் பட்டியலில் முதலில் வந்தது, அதற்குப் பிறகும் பல பதிப்புகளில் அந்த வரியைப் போட்டார்கள். கேலிக்குத்தான். இல்லாதவனை எத்தனை தடவை நீக்குவது? ஆனால் பத்து வயதுப் பிள்ளை அதை எப்படிப் படிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "நீக்கினார்கள் என்றால் இருந்தான் என்றுதானே அர்த்தம் மாமா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை, தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது.

இந்த விளையாட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை கதை?

பல காரணம் சொல்வார்கள். தனிமை, பனிமூட்டம், கட்டை கட்டையான உருவம். எல்லாம் சரிதான். என்னைக் கேட்டால் பெரிய காரணம் வெள்ளிக்கிழமை.

2010-இல் ஆல்ஃபா நடந்தபோது நாட்ச் வெள்ளிக்கிழமைகளில் புதுப் பதிப்பு விடுவார், அதில் என்ன புதிதாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். 'ரகசிய வெள்ளி அப்டேட்' என்று பெயர். ஆட்டக்காரர்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ரெட்ஸ்டோன் அப்படி வந்ததுதான், ஜூலையில் வந்த முதல் ரகசிய வெள்ளியில். ஸ்வீடனில் வெள்ளி இரவு என்றால் நமக்கு சனி விடிகாலை. அன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் "இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடியும். நேற்றுவரை இல்லாத ஒரு சிவப்புக் கல் இன்றைக்கு மண்ணுக்கடியில் மினுக்குகிறது என்றால், நேற்றுவரை இல்லாத ஓர் ஆள் பனிக்குள் நிற்க முடியாதா என்ன? இப்போது ஒவ்வொரு மாற்றத்தையும் மாதக்கணக்கில் முன்பே வீடியோ போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் கதை பிறக்க இடம் இல்லை.

பழைய பதிப்பில் மனிதர்கள் தாமாக ஓடினார்கள் என்பது பொய்தானே?

உண்மை! கிளாசிக்கின் ஆரம்பப் பதிப்புகளில் 'ஜி' விசையை அழுத்தினால் ஆட்டக்காரன் உருவத்திலேயே ஓர் ஆள் முளைப்பான். கையைக் கண்டபடி வீசிக்கொண்டு, இலக்கில்லாமல், குதித்துக் குதித்து ஓடுவான். பேச மாட்டான், அடிக்க மாட்டான். பத்துத் தடவை அழுத்தினால் பத்து பேர் ஓடுவார்கள். ஹீரோபிரைன் படத்தைவிட இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்டெவில் தவளைத் தொப்பி போட்ட ரானா என்ற பெண்ணும் திரிந்தாள். வெளியிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் செய்து கொடுத்த உருவம் அது, கொஞ்ச நாளில் எடுத்துவிட்டார்கள். வெடிக்கும் அரக்கன் கிரீப்பர் பிறந்த கதையும் நிஜம்: நாட்ச் பன்றி செய்யப் போய், நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டுவிட்டார். நெட்டையாக நின்ற அந்தப் பன்றிதான் கிரீப்பர்.

உலகத்தின் முடிவில் ஒரு சுவர் இருந்ததாமே, அதற்குள் அவன் வீடு இருக்கிறதாமே?

வீடு இல்லை. சுவர் இருந்தது. அதன் பெயர் ஃபார் லாண்ட்ஸ்.

நடுவிலிருந்து ஏதாவது ஒரு திசையில் 12,550,821 பிளாக் போனால் நிலம் திடீரென்று பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிடும். வானம் முட்டும் மண் சுவர், அதில் தேனடை மாதிரி வரிசை வரிசையாக ஓட்டை, ஓட்டைக்குள் ஓட்டை. நடந்தால் திரை நடுங்கும். ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்றால் 12,550 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கே அத்தனை தூரம் இல்லை. விளையாட்டுக்குள் நடக்கிற வேகத்தில், தூங்காமல் நிற்காமல் போனால் 33 நாளுக்கு மேல் ஆகும்.

காரணம் பேயில்லை, கணக்கு. மலை எவ்வளவு உயரம், பள்ளம் எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்ய, நீங்கள் இருக்கும் இடத்தின் எண்ணை விளையாட்டு ஏறத்தாழ 171-ஆல் பெருக்கி ஒரு கணக்குப் போடும். அந்த விடை 2,147,483,647-ஐத் தாண்டக் கூடாது, 32 பிட் எண்ணில் அதற்கு மேல் இடமில்லை. பாசாரில் பழைய முள் தராசைப் பார்த்திருப்பீர்கள். 10 கிலோ தராசில் 15 கிலோ பலாப்பழத்தை வைத்தால் முள் கடைசிக் கோட்டில் முட்டி அப்படியே நின்றுவிடும். அதுதான் இங்கேயும். எண் முட்டி நின்றுவிட, அதை நம்பி மேலே போடும் கணக்கெல்லாம் கோணல், நிலமும் கோணல்.

நாட்ச் இதைத் தெரிந்தே விட்டுவைத்திருந்தார். அவ்வளவு தூரம் எவன் போகப் போகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவர் கிளம்பிவிட்டார். அமெரிக்காவின் கர்ட் ஜே. மேக் 2011 மார்ச்சில் நடக்கத் தொடங்கி, அதை வீடியோத் தொடராக்கி, மருத்துவமனைப் பிள்ளைகளுக்கு உதவும் சைல்ட்ஸ் பிளே அமைப்புக்கு நிதி திரட்டினார். பத்தாண்டு கடந்தும் போய்ச் சேரவில்லை. 2011 செப்டம்பரில் வந்த பீட்டா 1.8 அந்தச் சுவரைச் சரிசெய்துவிட்டதால், அவர் பழைய பீட்டா 1.7.3-ஐ விட்டு மாறவே இல்லை. உண்மையான பைத்தியக்காரத்தனம் இது. இதைக் கேட்ட பிறகும் பிள்ளைகள் வெள்ளைக் கண்ணனுக்குத் திரும்புவதுதான் எனக்கு வருத்தம்.

குளோஸ்டோனில் வாசல் கட்டித் தண்ணீர் ஊற்றினால் சொர்க்கம் திறக்குமா?

திறக்காது. ஒளிரும் அந்தக் கல்லை வீணாக்காதீர்கள். 2010 ஹாலோவீனுக்கு ஆல்ஃபா 1.2.0-இல் நெதர் என்ற நரக உலகம் வந்ததும், நரகம் இருந்தால் சொர்க்கமும் இருக்குமே என்று கிளம்பிய கதை. நெதருக்கு அப்சிடியனும் நெருப்பும், ஆகவே இதற்குக் குளோஸ்டோனும் தண்ணீரும் என்று அழகாகப் பொருத்தியிருந்தார்கள். பிறகு ஒரு மோட் அதை அப்படியே செய்து காட்டியதால் குழப்பம் இரட்டிப்பானது. நாட்ச் வானுலகம் ஒன்றைச் செய்ய முயன்றதும், அதன் மிச்சம் பீட்டா நிரலில் பயன்படாமல் கிடந்ததும் உண்மை.

11-ஆம் இசைத்தட்டு, குகைச் சத்தம்?

விளையாட்டுக்குள் கிடைக்கும் உடைந்த தட்டு 11-இல் மூச்சிரைப்பு, ஓடும் காலடி, இருமல் எல்லாம் கேட்கும், நீளம் ஒரு நிமிடம் 11 வினாடி. விளையாட்டின் இசையமைப்பாளர் சி418 வேண்டுமென்றே செய்தது. 2011 கடைசியில்தான் வந்தது, ஆகவே 'ஆல்ஃபாவில் மறைத்து வைத்தது' என்கிற கதை பொய். குகைச் சத்தம் வர நீங்கள் குகைக்குள் இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் எங்காவது வெளிச்சம் படாத வெற்றிடம் இருந்தால் போதும். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஊளை கேட்டால், தரைக்கடியில் தோண்டிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை இரும்பு கிடைத்தது.

என்டிட்டி 303, நல், எர்ரர் 422?

இவையும் மைன்கிராஃப்ட் பேய்க்கதைகள்தான், பின்னால் வந்தவர்கள் பழைய தேதி போட்டு எழுதியவை. 303 வேலையை விட்டு நீக்கப்பட்ட ஊழியன் என்பார்கள். கதையாகக்கூடச் சுமார்தான்.

காணாமல் போன பதிப்பு என்று ஒன்று உண்டா?

உண்டு, அதில் பேய்தான் இல்லை. ஆல்ஃபா 1.1.1 என்பது 2010 செப்டம்பர் 18 அன்று வந்து சில மணி நேரத்திலேயே அடுத்த பதிப்புக்கு வழிவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் யாரிடமும் பிரதி இல்லை என்று எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். 2021-இல் ஒருவருடைய பழைய கோப்புகளுக்குள் கிடந்தது கண்டெடுக்கப்பட்டது. உங்கள் வீட்டில் 2010-ஆம் ஆண்டு மடிக்கணினி இருந்தால், பழைய சாமான்காரருக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

தம்பி, எங்கள் பையன் இதைப் பார்த்துவிட்டு ராத்திரி தனியாக டாய்லெட்டுக்குக்கூடப் போக மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

அக்கா, விளையாட்டைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அம்மாவே பயந்துவிட்டார் என்று நினைப்பான். சத்த அமைப்பில் சூழல் ஒலிக்குத் தனிப் பட்டை இருக்கிறது, அதைக் குறையுங்கள். பீஸ்ஃபுல் என்ற ஆட்ட நிலையில் போட்டால் அரக்கர்கள் வர மாட்டார்கள். முக்கியமாக, ஸ்டீவின் தோல் படத்தை அவனையே திறக்கச் சொல்லி, அந்த இரண்டு புள்ளிகளை அவன் கையாலேயே வெள்ளையாக்கச் சொல்லுங்கள். அப்புறம் பச்சை, ஊதா என்று அவனே ஆரம்பித்துவிடுவான். எங்கள் அக்கா மகன் கடைசியில் மூன்றாவதாக நெற்றியில் ஒரு கண் வைத்து, "இவரு சிவன்" என்றான்.

அந்த முதல் படம் எடுத்த இடத்துக்கு இப்போது போக முடியுமா?

முடியும், நாங்கள் போயிருக்கிறோம்.

மைன்கிராஃப்டில் ஒவ்வோர் உலகமும் ஒரே ஓர் எண்ணிலிருந்து விரிகிறது, அதை சீட் என்பார்கள். எண் தெரிந்தால் அதே மலை, அதே மரம் திரும்ப வரும். படத்தில் தெரியும் நிலத்தையும் மரங்களையும் வைத்து எண்ணைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியுமா என்று மைன்கிராஃப்ட் அட் ஹோம் என்ற தன்னார்வலர் குழு இறங்கியது. ஜாவாவின் சீரற்ற எண் முறை 48 பிட் என்பதால் வாய்ப்புகள் 281 லட்சம் கோடி. ஒரு கணினியால் ஆகாது. பல பேர் தங்கள் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தைக் கொடுத்தார்கள். 2020-இல் பீட்டா முகப்புத் திரையின் உலகத்தையும், பேக் படம் என்ற சின்ன ஐகானின் உலகத்தையும் கண்டுபிடித்தார்கள். 2021 ஜனவரியில் இந்த ஹீரோபிரைன் படத்தின் உலகத்தையும் கண்டுபிடித்தார்கள். சீட் 478868574082066804, பதிப்பு ஆல்ஃபா 1.0.16_02.

புதிய பதிப்பில் இந்த எண்ணைத் தட்டினால் வேறு உலகம்தான் வரும், பழைய பதிப்பே வேண்டும். விளையாட்டைத் தொடங்கும் லாஞ்சரில் வரலாற்றுப் பதிப்புகளைக் காட்டும் தேர்வு இருக்கிறது, எல்லாப் பதிப்பும் அதில் கிடைக்காது. தவிர ஆல்ஃபாவில் சீட் தட்டும் பெட்டியே கிடையாது, அது பீட்டா 1.3-இல் வந்தது. உலகக் கோப்புறையில் உள்ள லெவல் டாட் கோப்பைத் திருத்தி எண்ணை உள்ளே வைக்க வேண்டும். திருத்தும் முன் கோப்புறையை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் செய்து, முதல் தடவை எல்லாம் போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம், வெளியே மழை, நானும் அக்கா மகனும். பச்சை கொஞ்சம் அடர்த்தியான பழைய புல். கொஞ்சம் நடந்ததும் படத்தில் பார்த்த மரங்கள் அதே வரிசையில் நின்றன. பனிமூட்டம் அதே இடத்தில் தொடங்கியது. ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. பையன் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மாமா, நீங்க முன்னாடி போங்க" என்று மடிக்கணினியை என் பக்கம் தள்ளினான். போனேன். மரத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் ஒரு தீப்பந்தம் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பினோம்.